தடை தாண்டும் போட்டிகளை வீட்டோடு உட்கார்ந்து பார்க்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானின் சாசுகே, அதன் அமெரிக்கப் பிள்ளையான அமெரிக்கன் நிஞ்ஜா வாரியர், சேற்றில் விழுவதையே தொழிலாக வைத்திருக்கும் வைப்அவுட், நம்மில் பலர் போகோ சேனலில் பார்த்து வளர்ந்த தகேஷிஸ் காசில். இவற்றைப் பிள்ளைகளோடு பார்க்கலாமா என்று சொந்தக்காரர்களும், பள்ளி வாசலில் பிள்ளைக்காகக் காத்து நிற்கும் மற்ற பெற்றோரும் என்னிடம் கேட்டவைதான் கீழே இருக்கும் கேள்விகள். நான் இதில் நிபுணன் இல்லை. பத்து வயது மகளோடும், லீவுக்கு வந்து தங்கும் தங்கை மகனோடும், எழுபதைத் தாண்டிய அம்மாவோடும் இந்த நிகழ்ச்சிகளை நிறையப் பார்த்தவன். அந்தத் தகுதியில்தான் பதில் சொல்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். பார்க்கலாமா, கூடாதா?

பார்க்கலாம். சீரியலில் மாமியார் காபியில் விஷம் கலப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கட்டிவிடக் கூடாது. சிலவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பிள்ளைகளிடம் விட்டுவிடலாம். சிலவற்றுக்கு நீங்களும் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்றிரண்டை அவர்கள் தூங்கப் போன பிறகு நீங்கள் மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாமே ஓடுவது, தாவுவது, விழுவதுதானே? அப்படி என்ன பெரிய வித்தியாசம்?

எதற்காகக் கட்டிய களம் என்பதில்தான் வித்தியாசம்.

சாசுகே 1997-ல் ஜப்பானின் டிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடங்கியது. கதைகளில் வரும் சாருதோபி சாசுகே என்ற நிஞ்ஜாவின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். ஒரு போட்டிக்குப் பெரும்பாலும் 100 பேர். நான்கு கட்டங்கள். முதல் கட்டத்திலேயே முக்கால்வாசிப் பேருக்கு மேல் தண்ணீரில் விழுந்துவிடுவார்கள். மூன்றாவது கட்டம் முழுக்கக் கை பலம், விரல் நுனியில் தொங்கிக்கொண்டே நகர வேண்டும். நான்காவதில் கோபுரத்தின் மேல் கயிறு பிடித்து ஏற வேண்டும், அதுவும் வினாடிக் கணக்கில். 2022-ல் நடந்த நாற்பதாவது போட்டி வரை இதை முழுசாக முடித்தவர்கள் நான்கே பேர். முதலாமவர் 1999-ல் முடித்த கசுஹிகோ அகியாமா. நண்டு பிடிக்கும் தொழில், அதோடு பார்வைக் குறைபாடும் உண்டு. இரண்டாமவர் மகோதோ நகானோ, மீன்பிடிப் படகின் தலைவர். மூன்றாமவர் யூஜி உருஷிஹாரா, செருப்புக் கடை விற்பனையாளர், இரண்டு முறை முடித்தார். நான்காமவர் யூசுகே மோரிமோதோ, அவரும் இரண்டு முறை. ஒருவர்கூட சினிமா நட்சத்திரமோ முழுநேர விளையாட்டு வீரரோ இல்லை என்பதைக் கவனியுங்கள். களம் கஷ்டமாக இருப்பது, மனிதன் எவ்வளவு தூரம் போக முடியும் என்று பார்ப்பதற்காக.

வைப்அவுட் நேர் எதிர். 2008-ல் அமெரிக்காவின் ஏபிசி சேனலில் வந்தது. அதில் இருக்கும் தடைகளில் பாதி, யாரும் தாண்டிவிடக் கூடாது என்றே செய்தவை. சுவரிலிருந்து திடீரென்று ஒரு குத்துச்சண்டைக் கையுறை வெளியே வந்து முகத்தில் மோதும். ஆள் சேற்றில் போய் விழுவார். அதே காட்சி மெதுவாக ஒரு முறை, வேறு கோணத்தில் ஒரு முறை, கேலிப் பேச்சோடு இன்னொரு முறை. கள்ளமில்லாத சிரிப்புத்தான், மறுக்கவில்லை. ஆனாலும் அங்கே போட்டியாளர், வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுவதற்காகக் கூட்டி வந்த ஆள்.

தகேஷிஸ் காசில் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 1986 முதல் 1990 வரை ஜப்பானில் வந்த நிகழ்ச்சி. தகேஷி கிதானோ கோட்டையின் பிரபு, அவரைப் பிடிக்க ஜெனரல் தானி ஒரு பெரும்படையைக் கூட்டிக்கொண்டு வருவார். குளத்துக் கற்களில் சில மிதக்கும், சில மூழ்கும், எது எதுவென்று தெரியாது. சாமர்த்தியத்துக்குப் பாதி வேலை, அதிர்ஷ்டத்துக்கு மீதி. தோற்றவரும் சிரித்துக்கொண்டேதான் கரையேறுவார். திருவிழாக் கூத்து மாதிரி.

புதுசாக ஒரு நிகழ்ச்சி வந்தால் நல்ல வகையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். ஒருவர் விழுந்த பிறகு வரும் பத்து வினாடியைப் பாருங்கள்.

கேமரா எங்கே போகிறது? அவர் முகத்துக்கா, விழுந்த காட்சியின் மறு ஒளிபரப்புக்கா? தண்ணீரிலிருந்து எழுந்தவரிடம் யாராவது பேசுகிறார்களா? மற்ற போட்டியாளர்கள் என்ன செய்கிறார்கள்? அமெரிக்கன் நிஞ்ஜா வாரியரில் ஒருவர் ஓடும்போது, அவரோடு போட்டி போட வந்தவர்களே களத்தின் ஓரமாகக் கூட ஓடி "இடது கை, இடது கை" என்று கத்துவார்கள். அவர் விழுந்தால் தலையில் கை வைத்துக்கொள்வார்கள். என் மகளுக்கு இது முதலில் புரியவே இல்லை. "அவன் தோத்தா இவனுக்கு நல்லதுதானே அப்பா, ஏன் அழறான்?" என்றாள். இந்தக் கேள்வியை எழுப்பிய நிகழ்ச்சியைக் குடும்ப நிகழ்ச்சி என்று ஒத்துக்கொள்ள எனக்குத் தயக்கமே இல்லை.

விழுவதைப் பார்த்துச் சிரிப்பது அப்படி என்ன தப்பு? நம் ஊரில் சிரிப்பதில்லையா?

சிரிக்கிறோம். கிருஷ்ண ஜெயந்திக்கு வழுக்கு மரம் ஏறுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மரத்தில் எண்ணெய் தடவி, ஏறுகிறவன் மேல் தண்ணீரையும் பீய்ச்சி அடித்து, அவன் சர்ரென்று கீழே வந்தால் ஊரே கொல்லென்று சிரிக்கும். நானும் அந்தக் கூட்டத்தில் நின்று சிரித்தவன்தான்.

ஆனால் வழுக்கி வந்தவன் நமக்குத் தெரிந்த பையன். எழுந்து, கையில் மண்ணைத் தேய்த்துக்கொண்டு மறுபடி ஏறுவான். கடைசியில் எவனாவது ஒருவன் உச்சிக்குப் போய்ப் பரிசு முடிச்சை அவிழ்க்கும்போது, முதலில் சிரித்த அதே கூட்டம்தான் விசிலடிக்கும். சிரிப்பும் மரியாதையும் ஒரே வாயிலிருந்து வரும். வைப்அவுட்டில் அந்த இரண்டாவது பாதி மெலிந்துபோகிறது. சிரித்த சூட்டிலேயே அடுத்த ஆளைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள், விழுந்தவர் யாரென்று நமக்கு ஞாபகம்கூட இருக்காது.

எனவே தப்பு என்று சொல்ல மாட்டேன். சர்க்கரை மாதிரி, கொஞ்சமாக.

எத்தனை வயதிலிருந்து காட்டலாம்?

நிஞ்ஜா வாரியர் வகை என்றால் ஐந்து, ஆறு வயதிலிருந்தே தாராளமாக. அந்த வயதுப் பிள்ளைகளுக்கு மொழி தேவையில்லை. அங்கே ஏற வேண்டும், கீழே தண்ணீர், விழக் கூடாது, அவ்வளவுதான் கதை. எட்டு வயதுக்கு மேல் இருந்தால் சிறுவர்களே பங்கேற்கும் அமெரிக்கன் நிஞ்ஜா வாரியர் ஜூனியர் இன்னும் பொருத்தம். 2018-ல் தொடங்கியது. 9-10, 11-12, 13-14 என்று வயதுவாரியாகப் பிரித்துப் போட்டி வைத்தார்கள். தன் வயதுப் பிள்ளை ஓடுவதைப் பார்க்கும்போது வருகிற கவனமே தனி.

வைப்அவுட்டுக்கு நான் பத்து வயது வைத்திருக்கிறேன். காரணம் வன்முறை இல்லை. அடுத்தவர் அடிபடுவதும் வேடிக்கையும் ஒன்று என்று சின்னப் பிள்ளை முடிச்சுப் போட்டுவிடும் என்ற பயம்.

ஓடிடி தளங்களில் பார்க்கிறவர்கள் வயதுக் குறியீட்டையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம். 2021-ல் வந்த விதிகளின்படி இந்தியாவில் யு, யு/ஏ 7+, 13+, 16+, ஏ என்று ஐந்து பிரிவுகள் உண்டு. ஆனால் அந்தக் குறியீடு கெட்ட வார்த்தை, ரத்தம் போன்றவற்றைத்தான் எண்ணும். கேலியை எண்ணாது.

ஆண்கள் சட்டையில்லாமல் ஓடுகிறார்கள், பெண்கள் விளையாட்டு உடையில் வருகிறார்கள். பெரியவர்களோடு உட்கார்ந்து பார்க்கச் சங்கடமாக இருக்காதா?

எங்கள் வீட்டில் அம்மாவுக்கு முதல் நாள் கொஞ்சம் இருந்தது. மூன்றாவது ஆள் ஓடும்போது போய்விட்டது. நீச்சல் போட்டியையும் ஜிம்னாஸ்டிக்ஸையும் பார்க்கிற வீட்டில் இது ஒரு பிரச்சினையே இல்லை. கேமரா கையையும் காலையும்தான் துரத்துகிறது. அங்கேதான் கதை நடக்கிறது.

கெட்ட வார்த்தை, இரட்டை அர்த்தம்?

இங்கேதான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இந்த வகை நிகழ்ச்சிகளில் படத்தைவிட வர்ணனைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அதற்கு ஒரு அருமையான சாட்சி இருக்கிறது.

போகோவில் தகேஷிஸ் காசில் வந்தபோது இந்தியில் வர்ணனை பேசியவர் நடிகர் ஜாவேத் ஜாஃப்ரி. அப்போது எனக்கு இந்தி அரைகுறைகூடக் கிடையாது. ஆனாலும் அவர் குரல் ஏறி இறங்குவதைக் கேட்டே விழுந்து விழுந்து சிரிப்போம். அதே ஜப்பானியக் காட்சிகளை அமெரிக்காவில் ஸ்பைக் சேனல் 2003-ல் வாங்கி, எம்எக்ஸ்சி என்று பெயர் மாற்றி, போட்டியாளர்களுக்கு இல்லாத பெயர்களையும் பேசாத வசனங்களையும் வைத்து டப் செய்து வெளியிட்டது. வசனம் பூராவும் ஆபாச ஜோக். படம் அதே குளம், அதே மிதக்கும் கல், அதே மனிதர். ஒன்றைப் பாட்டியோடு பார்க்கலாம், மற்றதைப் பதின்மூன்று வயதுப் பையனோடு பார்க்க முடியாது. யூடியூபில் துண்டு துண்டாகக் கிடைப்பது எந்தப் பதிப்பு என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

வைப்அவுட்டில் இரண்டு தொகுப்பாளர்களும் லேசாக இரட்டை அர்த்தம் பேசுவார்கள். அதன் புகழ்பெற்ற பெரிய சிவப்புப் பந்துகளின் ஆங்கிலப் பெயரிலேயே ஒரு விஷமம் உண்டு. சின்னப் பிள்ளைகளுக்குப் புரியாது. ஏழாம் வகுப்புக்குப் புரியும், புரிந்ததை நம்மிடம் காட்டிக்கொள்ளாது.

அமெரிக்கன் நிஞ்ஜா வாரியரில் இந்தத் தொல்லை இல்லை. மருத்துவம் படித்துவிட்டு மேடை நகைச்சுவைக்கு வந்த மேட் ஐஸ்மனும், அமெரிக்கக் கால்பந்து ஆடியவரான அக்பர் பாஜாபியாமிலாவும் 2013 முதல் சேர்ந்து வர்ணிக்கிறார்கள். கத்துவார்கள், காது வலிக்கும் அளவுக்குக் கத்துவார்கள். கேலி கிடையாது.

யாருக்காவது உண்மையாகவே அடிபடுமா? உயிர் போயிருக்கிறதா?

அடிபடும். தோள் இறங்குவது, கணுக்கால் பிசகுவது எல்லாம் நடக்கும். கீழே இருக்கும் தண்ணீரும் மெத்தையும் அலங்காரத்துக்கு இல்லை.

உயிர் போனதும் உண்டு. 2020 நவம்பரில் வைப்அவுட்டின் புதிய பதிப்புக்கான படப்பிடிப்பு கலிபோர்னியாவில் நடந்தபோது, களத்தை முடித்துவிட்டு வந்த ஒரு போட்டியாளர் நெஞ்சுவலி என்று சொல்லிச் சரிந்தார், பிறகு இறந்துபோனார். வயது 38. முன்பு கண்டறியப்படாத இதய ரத்தக்குழாய் நோய் அவருக்கு இருந்தது பரிசோதனையில் தெரிந்தது. ஆக, தடையில் மோதி அடிபட்டதால் வந்த சாவு இல்லை அது. ஆனாலும், எவ்வளவுதான் வேடிக்கையாகத் தெரிந்தாலும் இது உடம்பை முழுசாகப் பிழிகிற வேலை என்பதை அது காட்டிவிட்டது. கொஞ்சம் வளர்ந்த பிள்ளை கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.

பையன் பார்த்துவிட்டு வீட்டில் தொங்க ஆரம்பித்துவிட்டான். என்ன செய்வது?

வாருங்கள், நம் கட்சி. தங்கை மகன் திரைச்சீலைக் கம்பியில் தொங்கி, கம்பி, கொக்கி, சுவர்ப் பூச்சில் ஒரு கை அகலம் மூன்றையும் சேர்த்துக் கீழே கொண்டுவந்தான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. "முதல் கட்டத்துலயே அவுட்" என்று மகள் வர்ணனை வேறு கொடுத்தாள்.

வீட்டில் இரண்டு விஷயத்தில் மட்டும் நான் கறார். முதலாவது பீரோ. சுவரோடு திருகி வைக்காத பீரோவிலும் டிவி ஸ்டாண்டிலும் பிள்ளை ஏறினால், அது பிள்ளை மேலேயே சாயும். நிகழ்ச்சி பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அதைச் சுவரோடு பொருத்திவிடுங்கள். இரண்டாவது, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர். அதன் மேல் நடப்பது எந்தப் போட்டியிலும் இல்லை என்று முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன்.

மற்றபடி தடுக்காதீர்கள். தடுத்தால் நீங்கள் இல்லாத நேரத்தில் செய்வார்கள். தரையில் தலையணை, அதன் மேல் குதிக்காமல் தாண்டுவது, நாற்காலிக்கு அடியில் ஊர்வது, சுவரோரமாகப் பாயில் ஒட்டிய டேப் கோட்டின் மேல் நடப்பது. ஒரு ஸ்டாப் வாட்ச் இருந்தால் போதும், ஒரு சாயங்காலம் ஓடிவிடும். வெளியே என்றால் பூங்காவில் கம்பி ஏணி இருக்கும் இடம், கீழே மணல். வாசல் நிலையில் மாட்டும் கம்பிகளும் கடையில் கிடைக்கின்றன. வாங்கினால் முதலில் நீங்கள் தொங்கிப் பாருங்கள். நான் தொங்கினேன், பதினோரு வினாடி. அதற்குப் பிறகு டிவியில் விழுகிறவர்களைப் பற்றி என் பேச்சு ரொம்பக் குறைந்துவிட்டது.

சின்னப் பையன்கள் பெரியவர்களைவிட நன்றாகத் தொங்குகிறார்களே, எப்படி?

எடை குறைவு. கையின் பலத்தை உடம்பின் எடையோடு ஒப்பிட்டால் சின்ன உடம்புக்கு அனுகூலம் அதிகம். எறும்பு தன்னைவிடப் பெரிய அரிசியைத் தூக்குகிற அதே கணக்கு. அமெரிக்கன் நிஞ்ஜா வாரியரில் முதலில் 21 வயது ஆனவர்கள்தான் வரலாம். பிறகு 19 ஆனது, 2021-ல் 15 ஆகக் குறைத்தார்கள். அன்றிலிருந்து பதின்வயதுப் பிள்ளைகள் பழைய ஆட்களை ஓரம்கட்டிவிட்டார்கள். மாமாக்கள் பாடு திண்டாட்டம்.

ஒவ்வொருவர் ஓடும் முன்பும் ஒரு சோகக் கதை வருகிறதே?

இந்த நிகழ்ச்சிகளில் எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம் இதுதான். புற்றுநோய், இறந்துபோன அப்பா, ஆஸ்பத்திரிப் படுக்கையில் குழந்தை, பின்னணியில் பியானோ. உண்மைக் கதைகள்தான், பொய் இல்லை. ஆனால் ஒரே இரவில் ஆறு பேருக்கு இப்படிக் காட்டினால் கண்ணீரும் ஒரு தடையாக மாறிவிடுகிறது, தாண்டிப் போக வேண்டியிருக்கிறது. ஓட்டம் ஒன்றரை நிமிடம், கதை மூன்று நிமிடம்.

பிள்ளைகள் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறொரு சிக்கல். ஒரு நாள் நிகழ்ச்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து, தூங்கப் போகிற நேரத்தில் மகள் கேட்டாள்: "அந்த அக்காவோட அம்மா செத்துட்டாங்களே, அப்புறம் யார் சமைப்பாங்க?" விழுவது எதுவும் அவளைப் பயமுறுத்தவில்லை, இதுதான் உள்ளே போய் உட்கார்ந்திருந்தது. சின்னப் பிள்ளைகள் இருந்தால் கதைப் பகுதியை ஓட்டிவிடுங்கள். ஓட்டத்தைப் பார்க்க அது தேவையே இல்லை.

எல்லாக் கதையையும் ஓட்டிவிட வேண்டும் என்று சொல்லவில்லை. வான்ஸ் வாக்கர் என்ற பையனுக்குச் சின்ன வயதில் மூளை முடக்குவாதம் இருப்பது தெரியவந்து, காலில் தாங்கு பட்டை போட்டுக்கொண்டு வளர்ந்தவன். ஜூனியர் போட்டியில் ஜெயித்து, பிறகு பெரியவர்கள் போட்டியிலும் 2023, 2024 என்று இரண்டு ஆண்டு தொடர்ந்து முதலிடம். அந்தக் கதையை நானே மூன்று தடவை பார்த்தேன்.

பெண் பிள்ளைகளுக்கு இதில் என்ன இருக்கிறது?

2014, அமெரிக்கன் நிஞ்ஜா வாரியரின் டாலஸ் சுற்று. கேசி கேட்டன்சாரோ என்ற ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை. உயரம் சுமார் 152 சென்டிமீட்டர், அதாவது ஐந்தடி. அவருக்கு எதிரே வளைந்து நிமிரும் சுவர், பதினான்கு அடி. ஓடிவந்து, சுவரின் வளைவில் மூன்று நான்கு எட்டு வைத்து, உந்தி, மேல் விளிம்பை எட்டிப் பிடிக்க வேண்டும். ஆறடி ஆட்களே அதில் சறுக்கி வந்துகொண்டிருந்தார்கள். அவர் பிடித்தார். அந்தப் போட்டியில் அந்தச் சுவரை ஏறிய முதல் பெண் அவர்தான். அதே ஊரில் அடுத்த சுற்றுக் களத்தையும் முழுசாக முடித்தார், அதுவும் பெண்களில் முதல் முறை. 2016-ல் ஜெஸ்ஸி கிராஃப் என்ற சண்டைக் காட்சிக் கலைஞர் தேசிய இறுதிப் போட்டியின் முதல் கட்டத்தை முடித்தார்.

எனக்குப் பிடித்தது என்னவென்றால், பெண்களுக்கென்று அவர்கள் சுவரைக் குட்டையாக்கவில்லை. இது நியாயமா என்று எங்கள் வீட்டில் பெரிய விவாதமே நடந்தது. உயரம் குறைந்தவருக்கு இரண்டு தடைக்கு நடுவில் இருக்கும் இடைவெளியே கூடுதல் தடை, எனவே நியாயம் இல்லை என்பது மகள் கட்சி. ஆனால் கேசியின் ஓட்டத்தைப் பார்த்த பிறகு, "குட்டையாக்கியிருந்தா இவ்வளவு நல்லா இருந்திருக்காது" என்று அவளே சொன்னாள். இரண்டு கட்சிக்கும் அவளே வக்கீல்.

தோல்வியைப் பிள்ளைகள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள்?

நாம் நினைப்பதைவிட நன்றாக. கிட்டத்தட்ட எல்லோருமே தோற்கிற ஆட்டம் இது. கிரிக்கெட்டில் ஒரு அணி ஜெயித்தே ஆக வேண்டும். இங்கே ஒரு ஆண்டு முழுக்க யாருமே ஜெயிக்காமல் களம் ஜெயித்துவிட்டுப் போகும். ஜெயிக்காதவர்களை வரிசையாகப் பார்க்கும் பிள்ளைக்கு, தோற்பது ஏதோ அவமானம் என்ற எண்ணம் மெல்ல உதிர்ந்துவிடுகிறது.

அவர்களுக்குத் தாங்காதது அநியாயம். 2015 அமெரிக்கன் நிஞ்ஜா வாரியர் இறுதியைப் போட்டுக் காட்டிவிட்டு நான் மாட்டிக்கொண்டேன். கடைசிக் கட்டத்தில் 75 அடிக் கயிறு, ஏழு மாடி உயரம், 30 வினாடிக்குள் ஏற வேண்டும். அதுவரை யாருமே அதை முடித்ததில்லை. கேமராமேன் வேலை பார்க்கும் ஜெஃப் பிரிட்டன் 29.65 வினாடியில் ஏறினார். கூட்டம் வெறிபிடித்த மாதிரி கத்தியது. அடுத்து, பாறை ஏறுபவரான ஐசக் கால்டியேரோ வந்தார். 26.14 வினாடி. விதிப்படி வேகமாக ஏறியவருக்குத்தான் பரிசு, பத்து லட்சம் டாலர் முழுக்க. முதல் ஆளாக முடித்த பிரிட்டனுக்கு அந்தப் பணத்தில் ஒரு டாலர்கூட இல்லை.

மகள் எழுந்து நின்றுவிட்டாள். "ரெண்டு பேரும் முடிச்சாங்கல்ல? பாதி பாதி கொடுக்க வேண்டியதுதானே?" தங்கை மகன் விதி விதிதான் என்றான். அம்மா, "அந்தப் பையன் சாப்பிட்டானா இல்லையோ" என்றார். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு முழுக்க இதே பேச்சு. பணம், விதி, முதலில் வருவது, வேகமாக வருவது. பள்ளிப் பாடத்தில் இருந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் கொட்டாவி விட்டிருப்பார்கள். எனக்கு இன்னும் அந்த விதி சரியென்று படவில்லை.

ஜெயித்தவர்களைப் பிள்ளைகள் ஹீரோவாக்கிக்கொள்வது நல்லதா?

ஓட்டத்தைக் கொண்டாடட்டும், ஆளைக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டாம். சொல்லக் காரணம் இருக்கிறது. 2019-ல் அமெரிக்கன் நிஞ்ஜா வாரியரில் முதலிடம் வந்தவர், சிறுமி ஒருத்தி தொடர்பான பாலியல் குற்றத்துக்காக 2020 ஆகஸ்டில் கைதானார். நிகழ்ச்சி அவரோடு உறவை முறித்துக்கொண்டது. பிறகு குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைத் தண்டனையும் பெற்றார். சிறுவர்களிடையே பெரிய பெயர் எடுத்திருந்தவர் அவர். டிவியில் வரும் நல்ல அண்ணன், நல்ல மாமா எல்லோரையும் நாம் பார்ப்பது எடிட் செய்த பிறகுதான். இதைப் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அதற்கேற்ற வார்த்தையில் சொல்லலாம், சொல்லவும் வேண்டும்.

இதெல்லாம் உண்மையான விளையாட்டா, வெறும் டிவி வித்தையா?

டிவி வித்தையாகத் தொடங்கி விளையாட்டாக ஆகிவிட்டது. 2019-ல் பிலிப்பைன்ஸில் நடந்த தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்த வகைத் தடைக் களப் போட்டிக்குப் பதக்கம் இருந்தது.

ஒலிம்பிக் கதை இன்னும் சுவாரசியம். நவீன ஐந்துவகைப் போட்டி என்று ஒன்று இருக்கிறது. வாள்வீச்சு, நீச்சல், குதிரை, துப்பாக்கி, ஓட்டம். 2024 பாரிஸ் ஒலிம்பிக் வரை இதில் குதிரையைக் குலுக்கல் முறையில் தந்தார்கள், சொந்தக் குதிரை கிடையாது. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் முன்னிலையில் இருந்த ஜெர்மன் வீராங்கனைக்கு வந்த குதிரை மிரண்டு, நகரவே மறுத்துவிட்டது. அவர் அழுகிறார், பயிற்சியாளர் குதிரையைக் குத்துகிறார், உலகமே பார்க்கிறது. எதிர்ப்பு கிளம்பியதும் குதிரையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதே மாதிரித் தடைக் களத்தை வைக்க முடிவு செய்தார்கள். அதை வடிவமைக்க, சாசுகேயை நடத்தும் டிபிஎஸ் நிறுவனமே கைகொடுத்தது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் வருகிறது. டிவி பார்த்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகப் போகிறாய் என்று திட்டுகிறவர்களுக்கு, பாவம், பதில் ரெடி.

தாத்தா பாட்டிக்குப் பிடிக்குமா?

எங்கள் வீட்டில் அம்மாவுக்குத்தான் அதிகம் பிடித்தது. ஆங்கிலம் ஒரு வார்த்தை புரியாது. ஆனால் யார் பயந்திருக்கிறான், யார் அலட்டுகிறான் என்று முதல் தாவலிலேயே சொல்லிவிடுவார். "இவன் அவசரப்படறான், விழுவான் பாரு." விழுவான். ஒலியை அணைத்துவிட்டு அவர் வர்ணனையை மட்டும் வைத்துப் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். மேட் ஐஸ்மனுக்குப் போட்டி வந்துவிட்டது.

எவ்வளவு நேரம் காட்டலாம்?

அமெரிக்கன் நிஞ்ஜா வாரியரின் ஒரு பகுதி, விளம்பரத்தோடு இரண்டு மணி நேரம் ஓடக்கூடியது. அதை முழுசாக உட்கார வைக்காதீர்கள். ஐந்தாறு ஓட்டம் பார்த்தால் போதும். பிறகு கால் தானாகத் துறுதுறுக்கும், எழுந்து ஓடட்டும்.

சரி, எதிலிருந்து தொடங்கலாம்?

முதல் நாள் பழைய தகேஷிஸ் காசில், அந்த மிதக்கும் கற்கள். வீடே சிரிக்கும், பயம் தெளியும். 2023-ல் அமேசான் பிரைமில் புதிதாக எடுத்ததும் வந்திருக்கிறது. அதற்கு இந்தியில் யூடியூப் நகைச்சுவைக் கலைஞர் புவன் பாம் பேசுகிறார். எனக்குப் பழையதன் சேறுதான் பிடித்திருக்கிறது, வயசுக் கோளாறாக இருக்கலாம்.

அடுத்த நாள் கேசியின் டாலஸ் ஓட்டம். அப்புறம் ஜூனியர் போட்டிகள் சில.

கடைசியாக, கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு, சாசுகேயில் மகோதோ நகானோ 2006-ல் முடித்த அந்த ஏற்றம். இதற்கு முன்பு ஒரு முறை உச்சிக்கு ஒரு கை தூரத்தில் நேரம் முடிந்து தோற்றவர் அவர், முடிந்தால் அதை முதலில் காட்டுங்கள். நான் காட்டியபோது தங்கை மகன் சோபாவின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தன் கால்களையும் மேலே தூக்கிக்கொண்டான். கயிறு ஏறுவது அங்கே நகானோ, மூச்சு வாங்கியது இங்கே இவனுக்கு.

திரைச்சீலைக் கம்பியைப் புதிதாக மாட்டுவதை மட்டும் அதற்கு அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைத்தேன்.